மஹாபொலவா, இந்தியாவா, ஜப்பானா, லோனா? ஏ.எல் எழுதின திருகோணமலைப் பிள்ளையளுக்கு ஒரு கணக்கு

மாசத்துக்கு வீட்டில இருந்து எவ்வளவு காசு போகும்? முதல் காசு எப்ப கையில வரும்? இந்த ரெண்டையும் கேக்காம எந்த ஸ்கொலர்ஷிப்பையும் நல்லது, கூடாது எண்டு சொல்ல ஏலாது. இத நான் முதல்லயே சொல்லுறதுக்குக் காரணம், ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதிப்போட்டு இருக்கிற பிள்ளையள் பேரைப் பாத்துத்தான் ஓடுதுகள், ஜப்பான் எண்டா பெருசு, இஞ்ச கெம்பஸ் பிள்ளையளுக்குக் குடுக்கிற மஹாபொல எண்டா சின்னன், பழைய மாணவர் சங்கம் குடுக்கிறது எண்டா கணக்கிலயே இல்ல.

போன கிழமை திருக்கடலூரில இருந்து எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காட மகள் வந்தா. அப்பா கடலுக்குப் போறவர், அம்மா வீட்டில, கீழ ரெண்டு தம்பிமார் படிக்கிறாங்க. மெத்ஸ் செய்திட்டு ரிசல்ட்டுக்குப் பாத்துக்கொண்டிருக்கிற பிள்ளை, கம்ப்யூட்டர் பக்கம் போக விருப்பம். கையில ஒரு சி.ஆர் கொப்பி, அதில ஒரு பக்கம் முழுக்க டியூஷனில கேள்விப்பட்டது, டிக்டொக்கில பாத்தது, ஃபிரெண்ட்ஸ் சொன்னது எல்லாம் வரிசையா எழுதி வச்சிருந்தா. "அன்ரி, இதில எதுக்குப் போடுறது?" எண்டு கேட்டா. அண்டைக்கு விறாந்தையில இருந்து ரெண்டு மணித்தியாலம் நாங்க போட்ட கணக்கத்தான் இஞ்ச எழுதுறன். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி எண்டு எல்லா இடத்திலயும் இதே கேள்வியோட பிள்ளையள் இருக்குதுகள், அவங்களுக்கும் உதவும்.

எங்கட ஆக்களுக்கு ஸ்கொலர்ஷிப் எண்டா அஞ்சாம் ஆண்டுதான் ஞாபகம் வரும். ஒரு சோதனை, ஒரு வெட்டுப்புள்ளி, பாஸ் பண்ணினா ஸ்கூல் வாசலில பெனர். ஏ.எல்லுக்குப் பிறகு வாறது அப்பிடி இல்ல. ஒண்டு புள்ளிய மட்டும் பாக்கும், ஒண்டு வீட்டு வருமானத்தப் பாக்கும், இன்னொண்டு நீங்க எழுதுற கட்டுரைய வாசிச்சுப்போட்டுத்தான் முடிவெடுக்கும். உங்களிட்ட எது பலமா இருக்கு எண்டு பாத்து அந்தப் பக்கம்தான் கூட மினக்கெடோணும்.

அரசாங்கக் கெம்பஸில இருந்து துவங்குறன். ட்ரிங்கோப் பிள்ளைக்கு ஆகப் பெரிய ஸ்கொலர்ஷிப் இதுதான், ஆனா இத ஒருத்தரும் ஸ்கொலர்ஷிப் எண்டு சொல்லுறதே இல்ல. டிகிரிக்கு ஃபீஸ் கிடையாது. அதுக்கு மேல மாவட்டக் கோட்டா இருக்கு. பெரும்பாலான பாடநெறியளில 40 வீதம் முழு இலங்கைக்கும் திறமை அடிப்படையில போகும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகையப் பாத்துப் போகும், மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைஞ்ச 16 மாவட்டத்துக்கு, அந்த 16க்குள்ள திருகோணமலையும் இருக்கு. அதால கொழும்பில இருக்கிற பிள்ளைக்குக் காணாத இசட் ஸ்கோர் (கெம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற ஏ.எல் புள்ளி) இஞ்சத்தப் பிள்ளைக்கு இஞ்சினியரிங்குக்கோ மெடிசினுக்கோ காணுது. இதக் கணக்கில எடுக்காம "எனக்கு லோக்கல் வேணாம், வெளிநாடுதான்" எண்டு சொல்லுற பிள்ளையளக் காணேக்க எனக்கு நெஞ்சு பதறும்.

சரி, ஃபீஸ் இல்ல, சாப்பாட்டுக்கு? அதுக்குத்தான் மஹாபொலவும், பர்சரி எண்ட மாசாமாச உதவிப்பணமும். மஹாபொல 1981ல லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சரா இருந்த காலத்தில சட்டம் போட்டு உருவாக்கின நிதியம். கன வருசமா மாசம் 5,000 ரூபாயிலயே நிண்டது, 2025 பட்ஜெட்டில 7,500 ஆக்கினாங்க, பர்சரிய 4,000ல இருந்து 6,500 ஆக்கினாங்க, நீங்க போடுற வருசம் எவ்வளவு எண்டத அந்த நேரம் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க. வருசத்தில 12 மாசமும் வராது, 10 தவணைதான். லெக்சருக்கு 80 வீதம் வரவு இருக்கோணும். முக்கியமா இது தானா வந்து விழாது, கெம்பஸ் கிடைச்ச உடன இதுக்கும் விண்ணப்பிச்சு வருமானத்தக் காட்டோணும்.

நான் பர்சரியிலதான் படிச்சன். கெம்பஸ் போய் முதல் காசு பாங்க்ல விழக் கன மாசம் எடுத்துது, அந்த மாசம் எல்லாம் அம்மாட காப்பு அடகில இருந்தது, பிறகு பழைய மாசத்துக் காசும் சேந்து ஒண்டா வந்த அண்டைக்கு நேர அடகு கடைக்குத்தான் போனன். அதாலதான் "முதல் காசு எப்ப" எண்ட கேள்வியில நான் இவ்வளவு நிக்கிறன். மஹாபொல கிடைக்கும் எண்டு நம்பி முதல் நாலஞ்சு மாசத்துக்கு ஒண்டும் சேக்காமப் போனா கடன்தான் படவேணும்.

இனி அந்தப் பிள்ளைட கொப்பியில போட்ட கணக்கு. வெளியூர்க் கெம்பஸ் எண்டு வைப்பம், மொரட்டுவையோ பேராதனையோ, இல்லாட்டி கிளிநொச்சியில இருக்கிற யாழ்ப்பாணக் கெம்பஸிட இஞ்சினியரிங் பீடமோ. போடிங் 10,000, சாப்பாடு நாளைக்கு 700 போட்டாலும் மாசம் 21,000, ஃபோட்டோக்கொப்பி, டேட்டா, இடைக்கிட வீட்ட வந்து போற பஸ் காசு எல்லாம் சேத்து 4,000. மொத்தம் 35,000. மஹாபொல 7,500 கழிச்சா வீட்டில இருந்து 27,500 போகோணும். ஹொஸ்டல் கிடைச்சா இதில நல்லாக் குறையும், அதால போன உடன ஹொஸ்டலுக்கு எழுதிப்போடுறது மஹாபொலவுக்குப் போடுற அளவுக்கு முக்கியம்.

அடுத்த பக்கம் பாருங்க. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ட திருகோணமலை வளாகம் இருக்கு, அங்க கம்ப்யூட்டர் சயன்ஸ் இருக்கு, தொடர்பாடல், வணிகம், சித்த மருத்துவம் எல்லாம் இருக்கு. திருக்கடலூரில இருந்து பஸ்ஸில போய் வரலாம். அம்மா கட்டிக் குடுக்கிற சோறு. அப்ப அதே 7,500 பஸ்ஸுக்கும் கொப்பி புத்தகத்துக்கும் கிட்டத்தட்டக் காணும், வீட்டில இருந்து போறது ரெண்டாயிரமோ மூவாயிரமோ. ஆனா கிட்ட இருக்கு எண்டதுக்காக மட்டும் விருப்பமில்லாத பாடத்தை எடுக்கச் சொல்லி நான் ஒருநாளும் சொல்ல மாட்டன், நாலு வருசம் பிள்ளைதான் படிக்கப் போகுது. விரும்பின பாடமும் இஞ்ச இருந்தா, அந்த 25,000 வித்தியாசத்த ஒரு ஸ்கொலர்ஷிப் எண்டே நினைச்சு எடுங்க.

இன்னொண்டு, 2024 டிசம்பரில ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டெல்லி போன நேரம், யாழ்ப்பாணத்திலயும் கிழக்கு மாகாணத்திலயும் இருக்கிற கெம்பஸுகளில படிக்கிற 200 பேருக்கு மாசாமாசம் உதவிப்பணம் குடுக்கிறம் எண்டு இந்தியா அறிவிச்சது. கெம்பஸ் போன பிறகு மாணவர் நலன் பிரிவில இத ஞாபகமா விசாரியுங்க, எழுதிப்போட்டவனுக்குத்தான் கிடைக்கும்.

வருமானம் காட்டுறதில எங்கட ஊர்ப் பிள்ளையளுக்கு ஒரு தனிப் பிரச்சினை இருக்கு. கடலுக்குப் போற அப்பாவுக்குப் பே ஸ்லிப் எங்க இருக்கு? ஜி.எஸ்ஸிட்ட (கிராம அலுவலர்) போய் வருமானச் சான்றிதழ் எடுத்து டி.எஸ் ஒஃபிஸில (பிரதேச செயலகம்) மேலொப்பம் வாங்கோணும். அங்க போய் "மாசம் எவ்வளவு வரும்?" எண்டு கேட்ட உடன மரியாதைக்காகக் கூட்டிச் சொல்லுற அப்பாமாரை நான் கண்டிருக்கன், நல்ல மீன் பட்ட மாசத்தக் கணக்கு வச்சுச் சொல்லுறவங்க. மாரியில வாடைக்காத்துக்குக் கடலுக்கே போகாம வள்ளத்தக் கரையில ஏத்தி வச்ச மாசமும் இருக்கு தானே, அதையும் சேத்து வருசத்துக்கு எவ்வளவு எண்டு எழுதிக்கொண்டு போங்க. மண்ணெண்ணெய், ஐஸ், வலை தைக்கிற செலவு எல்லாம் கழிச்ச பிறகு கையில மிஞ்சுறதுதான் வருமானம். குறைச்சுப் பொய் சொல்லவும் வேணாம், உள்ளத உள்ளபடி எழுதினாலே எங்கட வீடுகளுக்குக் காணும். அஸ்வெசும எண்ட அரசாங்க நலன்புரிக் காசு எடுக்கிற வீடு எண்டா அந்தக் கடதாசியும் ஃபைலில இருக்கட்டும்.

இனி இந்தியா. கொழும்பில இருக்கிற இந்திய ஹை கமிஷன் வருசா வருசம் ஐ.சி.சி.ஆர் (இந்திய கலாசார உறவுகள் கவுன்சில்) ஸ்கொலர்ஷிப்புக்கு விளம்பரம் போடும், தெரிவு செய்யிறது இலங்கைக் கல்வி அமைச்சோட சேந்து. ஏ.எல் முடிச்ச பிள்ளையளுக்கு ரெண்டு திட்டம் முக்கியம்: நேரு ஞாபகார்த்தத் திட்டம், இதில சயன்ஸ், இஞ்சினியரிங், கொமர்ஸ், ஆர்ட்ஸ் எண்டு கன பாடம் இருக்கு, மற்றது ராஜீவ் காந்தி திட்டம், அது ஐ.டி டிகிரிக்கு மட்டும். மௌலானா ஆசாத் எண்டும் ஒண்டு சொல்லுவாங்க, அது மாஸ்டர்ஸுக்கு, இப்ப உங்களுக்கு இல்ல. மெடிசின் இதில இல்லவே இல்ல, டொக்டராக விருப்பமுள்ள பிள்ளையள் இதில நேரத்தப் போடாதீங்க.

காசுப் பக்கம் பாத்தா இது நல்ல உறுதியான ஸ்கொலர்ஷிப். ஃபீஸ் முழுக்க அவங்க கட்டுறாங்க, டிகிரி மாணவருக்கு மாசம் 18,000 இந்திய ரூபா, வாடகைக்குத் தனியா, புத்தகத்துக்கு வருசாவருசம் ஒரு தொகை, போற டிக்கெட், வருத்தம் துன்பத்துக்கு வைத்தியச் செலவு. கையக் கட்டிச் செலவழிக்கிற பிள்ளைக்கு வீட்டில இருந்து ஒண்டும் போகத் தேவையில்ல. ஆனா ரெண்டாவது கேள்விய மறக்காதீங்க. அங்க போய் பாங்க் எக்கவுண்ட் துறந்து, பதிவு எல்லாம் முடிஞ்சுதான் காசு ஓடத் துவங்கும், வரேக்க கொஞ்சக் காசு கொண்டு வரச் சொல்லி அவங்களே மாணவருக்குச் சொல்லுறாங்க. பாஸ்போட்டுக்கு வவுனியா போற செலவு, மெடிக்கல், உடுப்பு, முதல் ரெண்டு மூண்டு மாசச் சாப்பாடு எல்லாத்தையும் சேத்து ஒரு பெரிய தொகை முதல்லயே கையில இருக்கோணும். பிறகு நாலு வருசமும் நிம்மதி. மஹாபொலயில நாலு வருசமும் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வீட்டால போய்க்கொண்டே இருக்கும், இதில முதல்ல ஒருக்காப் போறதோட சரி. கடல் வருமானக் குடும்பத்துக்கு எது லேசு எண்டு அந்தப் பிள்ளைட அப்பாட்டக் கேக்கோணும், நாங்க முடிவெடுக்கக் கூடாது.

விண்ணப்பம் ஏ டூ ஏ போர்ட்டல் எண்ட வெப்சைட்டில. அஞ்சு யூனிவர்சிட்டி வரை வரிசைப்படுத்திப் போடலாம், இங்லிஷில 500 சொல்லுக்கு ஒரு கட்டுரை எழுதோணும். எங்கட பக்கத்துப் பிள்ளையள் அஞ்சையும் சென்னையிலயே போடுதுகள், தமிழ் கதைக்கிற இடம் எண்டு. ஆசை விளங்குது. ஆனா எல்லாரும் போய் ஒரே வாசலில நிண்டா இடம் கிடைக்கிறது கஷ்டம், ரெண்டு தமிழ்நாட்டில போட்டா மிச்சம் மூண்டை புனே, ஹைதராபாத், மைசூர் எண்டு பிரிச்சுப் போடுங்க. போர்ட்டல் வருசத் தொடக்கத்தில துறந்து சில மாசத்தில பூட்டுறது, எங்கட ரிசல்ட் வாற நேரம் அதோட எல்லா வருசமும் ஒத்துவராது, ஒத்துவராட்டி அடுத்த வருசம்தான்.

இதால வாற கேள்வி: இந்தியாவுக்குப் போட்டா யூ.ஜி.சிக்கு, அதாவது இஞ்சத்த அரசாங்கக் கெம்பஸுக்குப் போடுற விண்ணப்பத்த விடுறதா? விடவே கூடாது. ரெண்டுக்கும் போடுங்க. ரிசல்ட் வந்து கெம்பஸ் துவங்க இஞ்ச கன மாசம் எடுக்குது, அந்த இடைவெளிக்குள்ள மற்ற முடிவுகள் வந்திடும். எந்த இடத்திலயும் பதிவு செய்யிறதுக்கு முதல்தான் வடிவா யோசிக்கோணும், பதிஞ்ச பிறகு விட்டுட்டுப் போனா திரும்ப வாறது லேசில்ல.

கொப்பியில ஆக மேல இருந்தது ஜப்பான். மெக்ஸ்ட் எண்டு சொல்லுற ஜப்பான் அரசாங்க ஸ்கொலர்ஷிப், ஃபீஸ், டிக்கெட் எல்லாம் அவங்கட, மாசம் 117,000 யென், முதல் ஒரு வருசம் ஜப்பான் பாசை படிச்சுப்போட்டு டிகிரி. ஒரு சதம் வீட்டால போகாது. ஆனா எடுக்கிறது விரல் விட்டு எண்ணுற ஆக்கள்தான், எம்பசி வைக்கிற எழுத்துப் பரீட்சை இருக்கு, மெத்ஸ், இங்லிஷ், கெமிஸ்ட்ரியோட ஃபிசிக்ஸ் இல்லாட்டி பயோ. இதில எனக்குப் பிடிச்ச ஒரு விசயம், பழைய பேப்பர் எல்லாம் ஜப்பான் அரசாங்க வெப்சைட்டில சும்மா கிடக்குது. அண்டைக்கே ஒரு மெத்ஸ் பேப்பர டவுன்லோட் பண்ணி மேசையில வச்சம், பிள்ளை ஒரு மணித்தியாலம் இருந்து செய்து பாத்தா, பாதிக்கு மேல சரி. மெத்ஸ் செய்த பிள்ளையள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இத இருந்து செய்து பாருங்க, உங்களுக்கு இது சரிவருமா எண்டு நீங்களே கண்டுகொள்ளுவீங்க.

அமெரிக்கா பற்றிக் கனக்க எழுதேல்ல. ஹார்வார்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி மாதிரிச் சில இடங்கள் வெளிநாட்டுப் பிள்ளையிட்டக் காசு இருக்கா இல்லையா எண்டு பாக்காம எடுத்து, குடும்பத்தால ஏலாத முழுத் தொகையையும் தாங்களே பொறுப்பெடுக்கிறது உண்மைதான். ஆனா முழு உலகமும் அந்த வாசலிலதான் நிக்குது, கட்டுரை, ஆசிரியர் கடிதம், எஸ்.ஏ.டி பரீட்சை எண்டு ஒரு வருசம் முதலே துவங்கோணும், ஜனவரித் தொடக்கத்தோட கதவு பூட்டிடும். உண்மையிலயே ஆர்வமுள்ள பிள்ளை கொழும்பில இருக்கிற ஃபுல்பிரைட் கமிஷனில எடியுகேஷன் யூ.எஸ்.ஏ ஆக்களோட கதைக்கட்டும், அது அமெரிக்க அரசாங்கத்தின்ட வழிகாட்டல் சேவை.

பொம்பிளப் பிள்ளையளுக்கு ஒண்டு இருக்கு, இத எங்கட ஊரில கன பேருக்குத் தெரியாது. பங்களாதேஷ் சிட்டகொங்கில ஏசியன் யூனிவர்சிட்டி ஃபோர் விமன், 2008ல துவங்கினது, பெண்களுக்கு மட்டும், இங்லிஷ் மீடியம், அங்க படிக்கிறவங்களில பெரும்பாலானோர் ஸ்கொலர்ஷிப்பிலதான் படிக்கிறாங்க. இலங்கையில இருந்தும் பிள்ளையள் போயிருக்கிறாங்க. இங்லிஷ் கொஞ்சம் பின்தங்கின பிள்ளைக்கு முதல்ல ஆயத்த வகுப்பு வச்சுத்தான் டிகிரிக்கு ஏத்துறாங்க, தமிழ் மீடியத்தில படிச்ச பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விசயம். 2024 ஆகஸ்ட்டில அங்க ஆட்சி கவிழ்ந்த நேரம் டிவியில பாத்த அம்மாமார் பயப்பிடுறது நியாயம், அதுக்காக விசாரிக்காமலே தட்டிக்கழிக்காதீங்க. இசட் ஸ்கோர் நடுத்தரம், ஆனா கதைக்கவும் எழுதவும் துணிவு இருக்கு எண்ட பிள்ளைக்கு இந்தியாவ விட இதுதான் பொருந்தும் எண்டு நான் நினைக்கிறன்.

மெடிசின் பிள்ளையள் பாகிஸ்தான் அரசாங்கத்தின்ட அல்லாமா இக்பால் ஸ்கொலர்ஷிப்பப் பாருங்க, இலங்கைக்கு 1,000 இடம் எண்டு அறிவிச்ச திட்டம், அதில மெடிசினும் இருக்கு, தெரிவுப் பரீட்சை உண்டு. எங்க படிச்சாலும் திரும்பி வந்து இஞ்ச வேலை செய்ய மெடிக்கல் கவுன்சில் ஏற்கிற இடமா எண்டத முதல்லயே பாக்கோணும்.

இப்ப நான் கவனமா எழுத வேண்டிய இடம். என்ட தம்பி, இசட் ஸ்கோர் கொஞ்சத்தில தவறின பிள்ளை, கொழும்பில ஒரு தனியார் நிறுவனத்தில "50 வீத ஸ்கொலர்ஷிப்" எண்டு கடிதம் குடுத்தாங்க, அம்மா அந்தக் கடிதத்த சாமிப் படத்துக்கு முன்னால வச்சவ. ரெண்டாம் வருசம் ஃபீஸ் கட்டப் போகேக்கதான் தெரிஞ்சுது அந்த 50 முதல் வருசத்துக்கு மட்டும் எண்டு. கடிதத்தின்ட ரெண்டாம் பக்கத்தில சின்ன எழுத்தில இருந்திருக்கு, நாங்க முதல் பக்கத்தோட சந்தோசப்பட்டிட்டம். அவன் ஒரு வருசம் படிப்ப நிப்பாட்டி வேலைக்குப் போய் பிறகுதான் முடிச்சான். தள்ளுபடிக்கும் ஸ்கொலர்ஷிப்புக்கும் வித்தியாசம் இருக்கு. தள்ளுபடி எண்டா மிச்சத்த நீங்க கட்டோணும், அந்த மிச்சம் எவ்வளவு, எத்தின வருசத்துக்கு, ஒரு பாடம் ஃபெயில் ஆனா அந்தச் சலுகை நிக்குமா எண்டு மூண்டையும் எழுத்தில வாங்குங்க. வாயால சொல்லுறத நம்பாதீங்க.

தனியார் பக்கம்தான் போகோணும் எண்டா அரசாங்கத்தின்ட வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கு. 2017ல துவங்கினது, கெம்பஸ் கிடைக்காம, ஏ.எல்லில மூண்டு பாடமும் ஒரே அமர்வில பாஸ் பண்ணின பிள்ளையளுக்கு. அமைச்சு ஏற்றுக்கொண்ட தனியார் நிறுவனங்களில அதுக்கெண்டு ஒதுக்கின டிகிரிகளுக்குத்தான். ஃபீஸுக்கு ஒரு எல்லை வரைக்கும், விரும்பினா வாழ்க்கைச் செலவுக்கும் தனியா, வட்டிய அரசாங்கம் கட்டும், படிச்சு முடிஞ்ச பிறகுதான் திருப்பிக் கட்டத் துவங்கோணும். நல்ல திட்டம், நான் ஆதரிக்கிறன். ஆனா கடன் கடன்தான், பிணை நிக்க ஆக்கள் வேணும், வேலைக்குப் போற பிள்ளைட சம்பளத்தில இருந்துதான் கழியும். மஹாபொலயும் திருகோணமலை வளாகமும் கையில இருக்கேக்க கொழும்பு எண்ட பேருக்காக இந்தக் கடனை எடுக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல. கெம்பஸ் கிடைக்கவே இல்ல எண்டா, அப்ப இதுதான் அடுத்தது, தள்ளுபடிக் கடிதத்துக்கு முன்னால இது நிக்கும்.

கடைசியா, கொப்பியில இல்லாத ஒண்டு. எங்கட பள்ளிக்கூடங்களுக்கு லண்டன், டொரோண்டோ, சிட்னி எண்டு எல்லா இடத்திலயும் பழைய மாணவர் இருக்கிறாங்க, கெம்பஸ் போற பிள்ளைக்கு மாசாமாசம் ஒரு தொகை அனுப்புற ஆக்கள் கனபேர். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பள்ளிவாசல் ஸகாத் நிதி இருக்கு, முஸ்லிம் பிள்ளையளுக்கு இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியின்ட ஸ்கொலர்ஷிப்பும் இருக்கு. கோயில், சேர்ச், ரோட்டரி, லயன்ஸ் எண்டு விசாரிச்சா வரும். தொகை சின்னன்தான், ஆனா கெதியா வரும், அதுதான் அந்த முதல் நாலஞ்சு மாசத்துப் பாலம். மஹாபொலவோட சேத்தும் எடுக்கலாம். எனக்கு அந்த நேரம் இப்பிடி ஒண்டு இருக்கு எண்டு ஆராவது சொல்லியிருந்தா காப்பு அடகுக்குப் போயிருக்காது. வெட்கத்தில கேக்காம விடுற பிள்ளையள் எத்தின. அதிபரிட்டப் போய் நேர கேளுங்க, "சேர், கெம்பஸ் கிடைச்சா எனக்கு முதல் ஆறு மாசத்துக்கு உதவி தேவை, ஆரிட்ட எழுதலாம்?" எண்டு. குடுக்கிற ஆக்கள் நல்ல பிள்ளையத் தேடிக்கொண்டுதான் இருக்கிறாங்க, அவங்களுக்கு உங்களத் தெரியாது, அவ்வளவுதான்.

வெல்லுறதுக்கு என்ன செய்யிறது எண்டா, முதல்ல பேர். அந்தப் பிள்ளைட பிறப்புச் சான்றிதழ் தமிழில, அடையாள அட்டையில இங்லிஷில ஒரு எழுத்துக் கூட, ஓ.எல் சேட்டிஃபிக்கெட்டில அந்த எழுத்து இல்ல, இனிஷல் ஒண்டில முன்னால, ஒண்டில விரிச்சு. பாஸ்போட் எடுக்கிறதுக்கு முதல் எது சரி எண்டு முடிவெடுத்து எல்லாத்தையும் ஒண்டாக்கோணும், பிறகு மாத்துறதெண்டா மாசக்கணக்கு. பிறப்புச் சான்றிதழ சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து இங்லிஷில எடுங்க, ஓ.எல், ஏ.எல் பெறுபேற்றுச் சான்றிதழ பரீட்சைத் திணைக்களத்தில ஒன்லைனிலயே இங்லிஷில கேக்கலாம். இந்த வேலை எல்லாம் ரிசல்ட்டுக்குப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கிற இந்த மாசங்களில செய்து முடிக்கோணும், விளம்பரம் வந்த பிறகு ஓடினா மூண்டு கிழமையில ஏலாது.

அடுத்தது கட்டுரை. அவ முதல்ல எழுதிக்கொண்டு வந்தது "நான் ஒரு வறிய குடும்பத்தில பிறந்தவள், எனது கனவு இஞ்சினியர் ஆவது" எண்டு துவங்கிச்சு. இப்பிடித்தான் ஆயிரம் பேர் எழுதுவாங்க. நான் கேட்டன், வீட்டில நீ என்ன வேலை செய்யிறனீ எண்டு. கொஞ்சம் யோசிச்சிட்டு, "அப்பாட எண்ணெய்க் கணக்கு நான்தான் எழுதுறன் அன்ரி" எண்டா. கொண்டு வா பாப்பம் எண்டன். அடுத்த நாள் கொண்டு வந்தா, மீன் மணக்கிற ஒரு சின்னக் கொப்பி, 2022ல இருந்து ஒவ்வொரு நாளும் எத்தின லீற்றர், எத்தின கிலோ மீன், என்ன விலைக்குப் போச்சு. ஓகஸ்ட் 2022 பக்கத்தில மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து 340க்குப் பாஞ்ச இடத்தில சிவப்புப் பேனையால கோடு. அதுக்குப் பிறகு எந்தக் காத்துக்கு எவ்வளவு தூரம் போனா எண்ணெய்க் காசு மீளும் எண்டு அவவே ஒரு கணக்குப் பண்ணி அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறா, அப்பா அதக் கேட்டு சில நாள் போகாம விட்டிருக்கிறார். இதத்தான் எழுது எண்டு சொன்னன். கம்ப்யூட்டர் படிக்க ஏன் விருப்பம் எண்டதுக்கு இத விட என்ன வேணும்? இங்லிஷ் பிழை இருந்தா ரீச்சரிட்டக் காட்டித் திருத்தலாம், அந்தக் கொப்பிய ஒருத்தராலும் இரவலாக் குடுக்க ஏலாது.

ஆசிரியர் கடிதமும் அப்பிடித்தான். "நல்ல ஒழுக்கமான மாணவி" எண்டு ரெண்டு வரி வாங்குறதால பிரயோசனம் இல்ல. உங்கள நல்லாத் தெரிஞ்ச ஆசிரியரிட்டப் போய், நீங்க செய்த ரெண்டு மூண்டு விசயத்த ஒரு தாளில எழுதிக் குடுத்து, மூண்டு கிழமை நேரமும் குடுத்து மரியாதையாக் கேளுங்க.

ஏஜென்ட் எண்டு ஆராவது வந்து இந்திய, ஜப்பான் அரசாங்க ஸ்கொலர்ஷிப் எடுத்துத் தாறன், ப்ரொசெசிங் ஃபீஸ் தாங்கோ எண்டு கேட்டா கதவைப் பூட்டுங்க. இதுகளுக்கு இடையில ஆக்கள் இல்ல, நேர எம்பசிட, ஹை கமிஷன்ட, அமைச்சிட வெப்சைட்டில இருந்துதான் போகோணும்.

அந்தப் பிள்ளைக்கு நாங்க போட்ட வரிசை இது. இந்தக் கிழமை அதிபருக்குக் கடிதம், ஜி.எஸ் ஒஃபிஸ், பேர்த் திருத்தம். ரிசல்ட் வந்த உடன யூ.ஜி.சி, அதில இஞ்சினியரிங் மேல, திருகோணமலை வளாகத்துக் கம்ப்யூட்டர் சயன்ஸும் கட்டாயம் பட்டியலில. போர்ட்டல் துறந்தா இந்தியா. ஞாயிற்றுக்கிழமையில ஜப்பான் பழைய பேப்பர், கிடைச்சாச் சந்தோசம், கிடைக்காட்டியும் படிச்சது வீண்போகாது. சிட்டகொங்குக்கு விண்ணப்பம் எப்ப துறக்குது எண்டு தேடுறது என்ட பொறுப்பு. தனியாரும் லோனும் இப்ப வேணாம்.

போகேக்க அவ கொப்பியில அந்தப் பழைய பக்கத்தக் கிழிக்கேல்ல, அடிமட்டம் வச்சுப் பக்கத்தில ரெண்டு நிரல் கீறினா, மாசம் வீட்டால எவ்வளவு, முதல் காசு எப்ப எண்டு. ஜப்பானுக்கு நேர ரெண்டாவது நிரல் இன்னும் வெறுமையா இருக்கு, எம்பசிக்கு ஈமெயில் போட்டுக் கேக்கிறன் அன்ரி எண்டு சொல்லிட்டு சைக்கிள எடுத்தா.